கால் மஞ்சள்

செக்கானூரணி தாண்டி மூன்றாவது கிலோமீட்டர்.
நான்கு கொட்டகை, ஏழாயிரம் வெள்ளைக் கோழி.
காலையில் என் முதல் வேலை
முட்டை உடைப்பது.

பதினைந்து பட்டை உள்ள விசிறி ஒன்று உண்டு,
பெயிண்ட் கடை அட்டை மாதிரி.
ஒன்று, கஞ்சி வெளுப்பு.
பதினைந்து, தீக்கங்கு.
தட்டில் கருவைச் சாய்த்து
விசிறியைப் பக்கத்தில் வைத்து எண் எழுதுவேன்.
தேனி வழியாகக் கேரளத்துக்குப் போகிற முட்டைக்குப்
பதினொன்று வேணும் என்பார் முதலாளி ஜெயவீரன்.
பதினொன்று என்றால்
நிலக்கோட்டைச் செண்டுப்பூ காய்ந்து மாவாகி,
கூடக் கொஞ்சம் மிளகாய் வற்றல் தோலும்
தீவனத்தில் விழுவது.
கோழிக்கு உறைக்காது.

கோழிக்கு மஞ்சள் செய்யவும் தெரியாது.
நமக்கும் தெரியாது.
இலைக்கும் பூவுக்கும் மக்காச்சோளத்துக்கும் தெரியும்.
தின்று வாங்குகிற கடன் அது.

வாங்கியதை எங்கே செலவழித்தது என்பது
உடம்பிலேயே எழுதியிருக்கும்.
முட்டையிடத் தொடங்கிய பெட்டைக்கு
முதலில் பின்புறம் வெளுக்கும்,
அப்புறம் கண் வளையம்,
அப்புறம் அலகு, அடியிலிருந்து நுனிக்கு.
கடைசியாகக் கால்.
நூற்றைம்பது முட்டைக்குள் கால் இரண்டும்
சாக்பீஸ்.
தன் தோலைப் பிழிந்து
பிறக்கப்போகும் குஞ்சின் முதல் நோய்க்கு
மருந்து மடித்து வைக்கிறது.
இது சேவல் இல்லாத கொட்டகை,
ஒரு முட்டையும் பொரியாது என்று
யாரும் அதற்குச் சொல்லவில்லை.

போன ஐப்பசி மழையில்
இரண்டாம் கொட்டகையில் கழிச்சல். எச்சத்தில் ரத்தம்.
கரு பதினொன்றிலிருந்து ஐந்துக்கு இறங்கியது.
"பூமாவக் கூட்டு, முத்துப்பேச்சி."
"குடலு கிழிஞ்சு கெடக்கு சார்.
கொட்டுனா எச்சத்துலதான் போகும்.
ஒட்டுற கொஞ்சத்தையும்
நோயோட சண்டை போட்டே எரிச்சிருது.
மொதல்ல மருந்தப் பாருங்க."
முறைத்தார். டாக்டருக்குப் போன் போட்டார்.
ஐந்து, ஐந்து, நான்கு, ஆறு,
ஒரு வாரம் ஆறிலேயே நின்றது, பிறகு எட்டு.
பத்து வந்து, மருந்து நாளும் கழிந்த அன்றைக்கு
ஆம்லெட் போட்டுத் தின்றோம்
நானும் கணக்கு எழுதும் ஒச்சாத்தேவனும்.

தை மாசம் மதுரைக்குக் கண் பார்க்கப் போனேன்.
கண்ணுக்குள் அடியில் ஒரு மஞ்சள் புள்ளி உண்டாம்.
அதே பூவில் இருக்கிற மஞ்சள்.
வெளிச்சத்தின் நீலத்தை அது வாங்கிக்கொள்ளுமாம்.
அப்படியென்றால் இருபது வருஷமாக
மஞ்சளை வைத்துத்தான்
மஞ்சளுக்கு எண் போட்டிருக்கிறேன்.
"கீரை தின்னா வயசு நிக்குமா டாக்டர்?"
அந்தப் பெண் சிரித்தாள். "நிக்காதும்மா.
நடக்கறப்ப கொஞ்சம் கைபிடிக்கும்,
அதுவும் எல்லாருக்கும்னு சொல்ல முடியாது.
எண்ணெய் விட்டு வதக்குங்க, இல்லாட்டி ஒட்டாது."

இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு.
முட்டை நின்றால் நிறம் திரும்பும்.
போன வரிசையிலேயே திரும்பும்,
பின்புறம், கண், அலகு, கால்.
கால் மஞ்சளானதைப் பிடித்துக் கொடுப்பதும்
என் வேலைதான். நெல்பேட்டையிலிருந்து வண்டி வரும்.
நேற்று முப்பத்தெட்டு.
அதில் ஒன்றின் கால் அப்படியொரு மஞ்சள்,
புதுத் தாலிக்கயிறு மாதிரி.
இறகு புதுசு. கண் தெளிவு.
தன் சொத்தைத் தானே அனுபவிக்க ஆரம்பித்து
ஒரு மாசம் இருக்கும்.
கூண்டில் போட்டேன். கொக்கியை மாட்டினேன்.

எனக்கு ஐம்பத்தொன்று.
தூரம் நின்று எட்டு மாசம்.

சாயங்காலம் உசிலம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம்.
பூமா அள்ளிய கை, சோப்புக்குப் போவதில்லை.
உள்ளங்கை, ரேகை, நகக்கண் எல்லாம் செண்டுப்பூ.
கருமாத்தூர் பக்கம் எதிரே
ஒரு கோழி வண்டி வந்தது.
முந்தானைக்குள்
கையை இழுத்துக்கொண்டேன்.